பழைய ஹைபிரிட் கார்: 2015-ஆ, 2023-ஆ? கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பிள்ளைகள் கேம் விளையாடுகிறார்கள். நீங்கள் மெயில் பார்க்கிறீர்கள். "இதை வைத்து வீட்டுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?" என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டால் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள். 15 லட்ச ரூபாய் சம்பந்தப்பட்ட ஒரு முடிவை எங்கள் வீட்டில் ஒரு எக்ஸெல் பைலும் ஒரு சின்ன புளூடூத் கருவியும் சேர்ந்து எடுத்துக் கொடுத்தன. அந்தக் கதைதான் இது.

நான் சென்னையில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் ராமநாதபுரம். அம்மாவுக்குச் சிறுநீரகச் சிகிச்சை மதுரையில் நடக்கிறது. மாதம் இரண்டு முறை போய் வர வேண்டும். பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் வழியாகப் போக சுமார் 115 கிலோமீட்டர். திரும்பி வருவதையும் சேர்த்தால் 230. இதுவரை வாடகைக் காரில் போய் வந்தார்கள். "இனிமேல் சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் பாப்பா" என்றார் அப்பா. பணம் அவருடைய ஓய்வுக்காலப் பணம். அதில் எவ்வளவு குறைவாக எடுக்கிறோமோ அவ்வளவு அம்மாவின் சிகிச்சைக்கு மிஞ்சும்.

புதுக் கார் வேண்டாம், பெட்ரோல் செலவு குறைவாக இருக்க வேண்டும், வழியில் சார்ஜ் போடும் வேலை இருக்கக் கூடாது. இவை அப்பாவின் மூன்று நிபந்தனைகள். மூன்றுக்கும் பொருந்துவது பழைய ஹைபிரிட் கார். தேடியதில் இரண்டு வண்டிகள் சிக்கின.

முதல் வண்டி 2015 மாடல் டொயோட்டா கேம்ரி ஹைபிரிட். மதுரையில் பழைய கார் விற்கும் ஒருவரிடம் இருந்தது. விலை 8.5 லட்சம். இரண்டாவது, 2023 ஆகஸ்டில் பதிவான டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட். ராமேஸ்வரத்தில் ஒரு குடும்பம் வைத்திருந்தது. 38,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. விலை 15.5 லட்சம்.

அப்பாவுக்குக் கேம்ரி மேல் ஆசை. "பெரிய வண்டி. அம்மா காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வரலாம். 7 லட்சம் மிச்சம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் "மிச்சம்" என்ற சொல்லை நம்புவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஹைபிரிட் என்றால் என்ன?

இன்று கம்ப்யூட்டர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கோர் இருப்பது போல ஹைபிரிட் காரில் பெட்ரோல் என்ஜின், மின் மோட்டார் என்று இரண்டு சக்திகள் இருக்கும். எந்த நேரத்தில் எது ஓட வேண்டும், எப்போது இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும் என்பதைக் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். மெதுவாக நகரும்போது மோட்டார் மட்டும் ஓடும், என்ஜின் அணைந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வீணாகும் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பிவிடும். இவ்வகை வண்டியை பிளக்கில் மாட்டிச் சார்ஜ் செய்ய வேண்டியதில்லை.

இந்த பேட்டரி நாம் நினைப்பதைவிட மிகவும் சின்னது. ஹைரைடரில் 0.76 கிலோவாட் ஹவர். கேம்ரியில் சுமார் 1.6. முழு மின்சாரக் காரான டாடா நெக்ஸான் 2020-ல் வந்தபோது அதில் இருந்தது 30.2. மின்சாரக் காரின் பேட்டரி ஹார்ட் டிஸ்க் போன்றது என்றால், ஹைபிரிட் காரின் பேட்டரி பிராசசரில் உள்ள கேஷ் மெமரி போன்றது. கொஞ்சமாகச் சேமிக்கும், ஆனால் நொடிக்கு நொடி நிரம்பும், காலியாகும். ஓயாத வேலை. அதனால்தான் பழைய ஹைபிரிட் வாங்கும்போது முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும்.

இரண்டு வண்டிகளிலும் பேட்டரி வகை வேறு. 2015 கேம்ரியில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. 204 செல்கள் சேர்ந்து 244.8 வோல்ட் தரும். ஹைரைடரில் இருப்பது நம் லேப்டாப், மொபைலில் உள்ளது போன்ற லித்தியம் அயான், 177.6 வோல்ட். இரண்டுக்குமே பொது எதிரி வெப்பம். நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எக்ஸெல் பைல் தயாரிப்போம்

எக்ஸெல் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவச சாப்ட்வேரை டவுண்லோட் செய்து கொள்ளுங்கள். முதல் காலத்தில் விவரம், இரண்டாவதில் (பி) பழைய கார், மூன்றாவதில் (சி) புதிய கார். முதல் வரி தலைப்புக்கு. இரண்டாம் வரியிலிருந்து நான் எழுதியவை இவை:

2-ம் வரி, காரின் விலை: 8,50,000, 15,50,000
3-ம் வரி, ஆண்டுக்கு ஓடும் கிலோமீட்டர்: 12,000, 12,000
4-ம் வரி, லிட்டருக்கு மைலேஜ்: 14, 21
5-ம் வரி, பெட்ரோல் விலை: 100; 100
6-ம் வரி, 5 ஆண்டு பெட்ரோல்
7-ம் வரி, 5 ஆண்டு சர்வீஸ், டயர், பிரேக்: 1,50,000, 75,000
8-ம் வரி, ஹைபிரிட் பேட்டரி மாற்ற: 3,00,000, 0
9-ம் வரி, கூடுதலாகப் போடும் முதலுக்கு வட்டி
10-ம் வரி, 5 ஆண்டு கழித்து விற்றால்: 2,50,000, 8,50,000
11-ம் வரி, மொத்தச் செலவு

மைலேஜைக் கம்பெனி சொன்னபடி நான் போடவில்லை. சோதனைச் சாலையில் கேம்ரிக்கு 19.16, ஹைரைடருக்கு 27.97 என்று சான்று உண்டு. ஏசி போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும் வண்டிக்கு அதில் முக்கால் பங்கு என்று வைத்துக் கொண்டேன். ஊருக்குள் நின்று நின்று போகும்போதுதான் ஹைபிரிட் அதிகம் மிச்சப்படுத்தும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அந்த லாபம் குறையும். பேட்டரி 3 லட்சம், மறுவிற்பனை விலை எல்லாம் நான் வைத்துக்கொண்ட மதிப்பு. நீங்கள் போடும்போது உங்கள் ஊர் சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுதுங்கள். இன்சூரன்சை விட்டுவிட்டேன். பழைய காரின் மதிப்பு குறைவு, ஆனால் என்ஜின் பெரிது. எனக்கு இரண்டும் சரிக்குச் சரியாக வந்தது.

இப்போது பார்முலா. 6-ம் வரியில் பி காலத்தில் கிளிக் செய்து = அடையாளம் போடுங்கள். பிறகு 3-ம் வரிச் செல்லை மவுஸால் கிளிக் செய்து / அடியுங்கள். 4-ம் வரிச் செல்லைக் கிளிக் செய்து * அடியுங்கள். 5-ம் வரிச் செல்லைக் கிளிக் செய்து *5 என்று முடித்து என்டர் தட்டுங்கள். 4,28,571 வரும். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். அதைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தால் அடுத்த காருக்கும் கணக்கு வந்துவிடும்: 2,85,714.

9-ம் வரியைத்தான் பலர் மறப்பார்கள். ஹைரைடருக்குக் கூடுதலாகப் போடும் 7 லட்சம் வங்கியில் இருந்தால் வட்டி தருமே? 7 சதவீதம் வீதம் 5 ஆண்டுக்கு 2,45,000. இதை எண்ணாக அடிக்காமல், இரண்டு விலைகளையும் கழித்து 7%*5 ஆல் பெருக்கும் பார்முலாவாகப் போடுங்கள். ஏன் என்று பின்னால் தெரியும்.

கடைசி வரியில் 2, 6, 7, 8, 9-ம் வரிகளைக் கூட்டி 10-ம் வரியைக் கழியுங்கள். எனக்குக் கேம்ரி 14,78,571. ஹைரைடர் 13,05,714. விலை அதிகமான வண்டி 1,72,857 ரூபாய் மலிவு!

அப்பா மானிட்டரையே பார்த்துக் கொண்டிருந்தார். "அந்த பேட்டரி மூணு லட்சத்தை எடுத்துவிட்டுப் பாரு" என்றார். 8-ம் வரியில் 0 போட்டேன். கேம்ரி 11,78,571-க்கு இறங்கியது. இப்போது அது 1,27,143 ரூபாய் மலிவு.

கம்ப்யூட்டர் பழகுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பைலில் இருபது எண்கள் இருந்தாலும், முடிவைத் திருப்பிப் போட்டது ஒரே ஒரு செல். எக்ஸெல் நமக்காக முடிவு எடுப்பதில்லை. எந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும் என்று காட்டுகிறது. எங்கள் கேள்வி: கேம்ரியின் பேட்டரி இன்னும் 5 ஆண்டு தாங்குமா?

காரிடமே கேட்கலாம்

இதற்கு ஓபிடி என்ற வசதி உதவும். காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டருடன் நாம் பேசுவதற்கான வாசல் இது. ஸ்டியரிங்கின் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கட்டாயம். இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து ஓபிடி 2 விதி வந்தது. இதில் மாட்டும் புளூடூத் அடாப்டருக்கு இஎல்எம்327 என்று பெயர். ஆன்லைனில் கிடைக்கும். மிக மலிவானவை பாதியில் மக்கர் செய்யும்; வாங்கியவர்களின் கருத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். போனுடன் இணைக்கும்போது கேட்கும் பாஸ்வேர்டு பெரும்பாலும் 1234 அல்லது 0000. டார்க், கார் ஸ்கேனர் போன்ற ஆப்கள் பொதுவானவை. டாக்டர் பிரியஸ் என்ற ஆப் டொயோட்டா ஹைபிரிட் பேட்டரிகளைப் பார்க்கவே எழுதப்பட்டது.

மதுரைக்குப் போனோம். கேம்ரி பளபளவென்று இருந்தது. டேஷ் போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கும் இல்லை. ஏசி ஜில்லென்று வந்தது. அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து கதவை இரண்டு முறை மூடித் திறந்து பார்த்தார். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துவிட்டது.

அடாப்டரை மாட்டினேன். பிழைக் குறியீடு எதுவும் இல்லை. நிம்மதியாக எடுத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதே ஆப்பில் இன்னும் இரண்டு விவரங்கள் உண்டு. ஒன்று, பிழைகளை அழித்த பிறகு ஓடிய தூரம். அதில் 9 கிலோமீட்டர் என்று இருந்தது. இன்னொன்று, ரெடினஸ் மானிட்டர். காரின் கம்ப்யூட்டர் தன்னைத் தானே செய்து கொள்ளும் சோதனைகளின் பட்டியல் இது. பல சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டின. அதாவது, கம்ப்யூட்டரில் ஹிஸ்டரியை முழுக்க அழித்துவிட்டு "நான் எந்த சைட்டுக்கும் போகவில்லை" என்று சொல்வது போல.

விற்பவரைக் கேட்டேன். "பேட்டரி கழற்றி மாட்டினோம் மேடம், அதனால் இருக்கும்" என்றார். இது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றினாலும் இந்த விவரங்கள் அழியலாம். இந்த ஒரு சாட்சியை வைத்து யாரையும் குற்றம் சொல்லிவிடக் கூடாது. ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றேன்.

அப்பா ஓட்டினார். நான் பக்கத்தில் போனுடன் உட்கார்ந்தேன். ஓட்டுகிறவர் போனைப் பார்க்கக் கூடாது. இந்தச் சோதனைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். கேம்ரி பேட்டரியின் செல்கள் 17 பிளாக்குகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றின் வோல்ட்டும் ஆப்பில் தனித்தனிக் கம்பமாகத் தெரியும். நிற்கும்போது 17-ம் ஒரே உயரத்தில் இருந்தன. ரிங் ரோட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் 16 கம்பங்கள் ஒன்றாக இறங்கின. ஒன்று மட்டும் 1.2 வோல்ட் கூடுதலாக விழுந்தது. காலை எடுத்துப் பிரேக் பிடித்தால் அதே கம்பம் மற்றவற்றைவிட மேலே குதித்தது. பலவீனமான செல்லின் அடையாளம் இது. கொடுத்தாலும் தாங்காது, எடுத்தாலும் தாங்காது. இன்னும் இருபது நிமிடத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆப்பில் வந்த குறியீடு பி0ஏ80. அதன் பொருள்: ஹைபிரிட் பேட்டரி தொகுப்பை மாற்றவும்.

பத்து வயதான பேட்டரிக்கு இது குறை இல்லை, மூப்பு. கம்பெனியின் மேல் பழி போட ஒன்றுமில்லை. ஆனால் நாம் கேள்வி கேட்காவிட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

"ஒரு பிளாக்கை மட்டும் மாற்றித் தருகிறேன், விலையிலும் குறைக்கிறேன்" என்றார் விற்பவர். அப்பா என்னைப் பார்த்தார். அக்கரையில் இலங்கையில் இந்தக் கதை ஏராளம். ஜப்பானில் ஓடிய பழைய ஹைபிரிட் கார்கள் அங்கே சாலையெங்கும் ஓடுகின்றன. 2020-ல் வாகன இறக்குமதிக்குத் தடை வந்து, தனியார் வண்டிகளுக்கு 2025 பிப்ரவரியில்தான் நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த வண்டியைத்தான் ஓட்டியாக வேண்டும். பேட்டரியைப் பிரித்து, கெட்ட செல்லை மாற்றி ஓட்டுவது அங்கே சகஜம். ஆனால் பத்து வயதான செல்களுக்கு நடுவில் ஒன்றை மாற்றினால் அடுத்த பலவீனமானது எப்போது விழும் என்று சொல்ல முடியாது. ஊருக்குள் ஓட்டுகிறவர்கள் அந்த ரிஸ்க்கை எடுக்கலாம். மானாமதுரை தாண்டி மத்தியான வெயிலில், பின் சீட்டில் அம்மாவுடன் வண்டி நின்றால்?

திரும்பி வரும் வழியில் அப்பா அதிகம் பேசவில்லை. பரமக்குடியில் டீ குடிக்கும்போது, "கதவுச் சத்தம் மட்டும் நல்லா இருந்துச்சு பாப்பா" என்றார்.

கடற்கரை வண்டியின் நோய்

அடுத்த நாள் ராமேஸ்வரம். வயது குறைந்த வண்டிதானே என்று நான் அலட்சியமாகப் போகவில்லை. கேம்ரி உள்நாட்டில் ஓடிய வண்டி. ஹைரைடரோ மூன்று பக்கமும் உப்புக் காற்று அடிக்கும் தீவில் நின்ற வண்டி. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை உப்பு அரித்து அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தும்படி ஆயிற்று. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். இரும்புப் பாலத்தையே தின்னும் காற்று காரை விட்டுவிடுமா?

ஆப்பில் வண்டி சுத்தம். பிழை இல்லை, ரெடினஸ் சோதனைகள் எல்லாம் முடிந்திருந்தன, பிழை அழித்த பின் ஓடிய தூரம் ஆயிரக்கணக்கில் இருந்தது. பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. அதாவது 2031 ஆகஸ்ட் வரை. இன்னும் 60,000 ஓடினாலும் மொத்தம் 98,000-தான் ஆகும். சர்வீஸ் பதிவுகள் முழுமையாக இருந்தன. வாரண்டி நம் பெயருக்கு மாறும் என்பதைச் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்கினேன்.

ஆனால் ஆப்புக்குத் துரு தெரியாது. அதற்குக் கண் வேண்டும். ஊர் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியைத் தூக்கிப் பார்த்தோம். சைலென்சர் போல்ட்டுகளில் துரு. பிரேக் டிஸ்க்குகளிலும் துரு. "மோட்டாரே பாதி பிரேக்கைப் பிடிச்சிருதுல்லம்மா, டிஸ்க்குக்கு வேலையே இல்லை. வேலை இல்லாத இரும்பு துருப்பிடிக்கத்தானே செய்யும்" என்றார் அண்ணன். ஹைபிரிட் வண்டிகளில் இது உண்மை. கடற்கரையில் இருப்பவர்கள் வாரம் ஒரு முறையாவது ஆளில்லாத சாலையில் நன்றாக அழுத்திப் பிரேக் பிடிப்பது நல்லது. பேட்டரிக்குக் காற்று போகும் துவாரத்தில் மணலும் தூசியும் அடைத்திருந்தன. கம்ப்யூட்டர் கேபினெட்டின் மின்விசிறியில் தூசி சேர்ந்தால் பிராசசர் சூடாவது போல, இங்கே பேட்டரி சூடாகும். அடிப்பாகத்தில் பெரிய அரிப்பு இல்லை. ஆரஞ்சு நிறக் கேபிள்களின் உறை கிழியாமல் இருந்தது. அவை உயர் அழுத்த மின் கம்பிகள். பார்க்கலாம், தொடக் கூடாது.

டிஸ்க், போல்ட், சுத்தம் செய்யும் செலவைச் சொல்லிக் கேட்டதில் 40,000 குறைத்தார்கள். லேப்டாப்பில் 2-ம் வரியில் 15,10,000 என்று மாற்றினேன். மொத்தம் 12,51,714 ஆனது. 40,000 குறைத்ததற்கு 54,000 இறங்கியது எப்படி? வட்டி வரியைப் பார்முலாவாகப் போட்டிருந்தோம் இல்லையா, அதுவும் சேர்ந்து இறங்கிவிட்டது.

ஹைரைடரையே வாங்கினோம். அம்மா பின் சீட்டில் காலை முழுதாக நீட்ட முடியவில்லை என்பது உண்மை. ஒரு தலையணையை வைத்துக் குறுக்காகச் சாய்ந்து கொள்கிறார். இதுவரை ஆறு முறை மதுரை போய் வந்தாகிவிட்டது.

நீங்கள் போகும்போது மறக்காதீர்கள்

1. எம்பரிவாஹன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டுப் பதிவு தேதி, எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன், இன்சூரன்ஸ் ஆகியவற்றைப் பாருங்கள். அபராத சலான் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. சென்னை வண்டி என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கியதா என்று சோதியுங்கள். சீட்டின் அடி போல்ட்டில் துரு, சீட் பெல்ட்டை முழுதும் இழுத்தால் சேற்றுக் கறை இருந்தால் வேண்டாம்.

3. ஆப்பில் பிழை இல்லை என்பதோடு நிறுத்தாதீர்கள். பிழை அழித்த பின் ஓடிய தூரம், ரெடினஸ் மானிட்டர் இரண்டையும் பாருங்கள். குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். நீங்களாக எந்தப் பிழையையும் அழிக்காதீர்கள்.

4. ஹைபிரிட் காரிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. அது செத்தால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் காரின் கம்ப்யூட்டர் விழிக்காது; வண்டி கிளம்பாது. அதன் வயதையும் கேளுங்கள்.

5. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஏற்றதா என்று மேனுவலில் பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளுக்கு இது முக்கியம்.

6. பெயர் மாற்றப் படிவம் 29, 30. வங்கிக் கடன் இருந்தால் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும். இவை கையில் வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

எக்ஸெல் பைலை ஒரு முறை தயாரித்துச் சேவ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து பைக், பிரிட்ஜ், இன்வெர்ட்டர் எது வாங்கினாலும் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். எங்கள் வீட்டுப் பைலை அப்பா இப்போது தானே திறக்கிறார். போன வாரம் தண்ணீர் மோட்டார் இரண்டை ஒப்பிட்டு எனக்கு மெயில் அனுப்பியிருந்தார். வட்டி வரியையும் மறக்காமல் போட்டிருந்தார்.